தாடை சீரமைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு பேச்சு மாறிவிடுமா?

மாறலாம், பெரும்பாலும் நல்லபடியாகத்தான். முன்பற்கள் ஒன்றோடொன்று சேராதவர்களுக்கும், கீழ்த்தாடை முன்தள்ளி இருப்பவர்களுக்கும் 'ஸ', 'ச' போன்ற ஒலிகளில் காற்று சிதறும். தாடை சரியான இடத்துக்கு வந்ததும் பலருக்கு இது குறைகிறது. நாக்கு பழைய பழக்கத்தை விடவில்லை என்றால் பேச்சுப் பயிற்சியும் தேவைப்படும்.

முதல் சில வாரங்கள் பேச்சு குழறும். வீக்கம், தாடையைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையங்கள், மரத்துப்போன உதடு எல்லாம் சேர்ந்து வரும் தொல்லை அது, பயப்பட வேண்டாம். மரமரப்பு மட்டும் மாதக்கணக்கில் நீடிக்கலாம், சிலருக்கு ஓரளவு நிரந்தரமாகவே தங்கிவிடும்.

அண்ணப் பிளவோடு, அதாவது வாயின் மேற்கூரையில் பிளவோடு பிறந்தவர்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மேல்தாடையை முன்னே நகர்த்தும்போது மெல்லண்ணமும் (மேற்கூரையின் பின்பக்கம் உள்ள மென்மையான பகுதி) கூடவே இழுபடும். அது தொண்டையின் பின்சுவரை எட்டி மூக்குவழியை அடைக்க முடியாவிட்டால், காற்று மூக்கில் கசிந்து 'ப', 'க' போன்ற ஒலிகள் வலுவிழக்கும், மூக்கொலியும் கூடும். அதனால் அறுவைக்கு முன்பே பேச்சுச் சிகிச்சையாளரிடம் மெல்லண்ணத்தின் இயக்கத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இப்போதே லேசாக மூக்கால் பேசுகிறீர்கள் என்றால், அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.