ஜேன் குடால் சிம்பன்சி ஆய்வை விட்டுவிட்டு ஊர் ஊராகப் பேசப் போனது ஏன்?

‘விட்டுவிட்டு’ என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அவர் கிளம்பிய பிறகும் தான்சானியாவின் கோம்பேயில் ஆய்வு நிற்கவே இல்லை.

பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். குடாலைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பது கரையான் புற்றுக் கதையைத்தான். 1960-இல், 26 வயதில், கல்லூரிப் பட்டம்கூட இல்லாமல் தங்கனீக்கா ஏரிக்கரையில் இருக்கும் அந்தக் கோம்பே காட்டுக்குப் போனார். இளம்பெண் தனியாகத் தங்கக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டதால் அம்மாவும் கூடவே போனார். (அக்கம்பக்கத்து மீனவர்களுக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்ட அந்த அம்மாவுக்கு என் மனதில் தனி இடம் உண்டு.) ஆளைக் கண்டாலே சிம்பன்சிகள் ஓடின. முதலில் பயம் தெளிந்தது வெள்ளைத்தாடி வைத்த ஓர் ஆண். டேவிட் கிரேபியர்ட் என்று அதற்குப் பெயர் வைத்தார். புல் தண்டைப் புற்றின் துளைக்குள் விட்டு, கவ்விக்கொண்டு வரும் கரையான்களை அது உதட்டால் உருவித் தின்றதைப் பார்த்தார். குச்சியின் இலைகளைக் கிள்ளிப் போட்டு, அதைக் கருவியாகவே ஆக்கிக்கொண்டன சிம்பன்சிகள். கருவி செய்வது மனிதன் மட்டுமே என்று நம்பியிருந்த காலம் அது. பிறகு கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போனபோது, பெயர் வைத்தது தவறு, எண் கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள். பெயர்களை அவர் விடவில்லை. 1966-இல் முனைவர் பட்டமும் வந்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1986-இல் சிகாகோவில் சிம்பன்சி ஆய்வாளர்கள் கூடினார்கள். ஆப்பிரிக்காவின் எந்தப் பகுதியிலிருந்து வந்தவரைக் கேட்டாலும் காடு அழிகிறது, வேட்டை நடக்கிறது என்றே சொன்னார். மருத்துவ ஆய்வுக்கூடங்களில் சின்னக் கூண்டுகளுக்குள் சிம்பன்சிகள் அடைந்து கிடக்கும் காட்சிகளையும் குடால் அங்கே பார்த்தார். அதற்குப் பிறகு அவரால் காட்டில் அமைதியாக உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஆண்டுக்குச் சுமார் 300 நாள் பயணம். 2025 அக்டோபர் 1-ஆம் தேதி, 91 வயதில், கலிபோர்னியாவில் பேச்சுப் பயணத்தில் இருந்தபோதுதான் காலமானார். அன்று வகுப்பில் வேறு பாடம் நடத்த எனக்கு மனம் வரவில்லை.

பேச்சோடு நின்றிருந்தால் இவ்வளவு நேசித்திருக்க மாட்டேன். 1990-களின் தொடக்கத்தில் கோம்பே தேசியப் பூங்காவுக்கு மேலே சிறு விமானத்தில் பறந்தபோது, பூங்காவுக்கு வெளியே எங்கும் மொட்டைக் குன்றுகளைக் கண்டார். வயிற்றுக்கு வழியில்லாத மக்கள் மரத்தை வெட்டாமல் என்ன செய்வார்கள் என்று அவருக்குப் புரிந்தது. 1994-இல் ‘டேக்கேர்’ (TACARE) என்ற திட்டம் தொடங்கியது. உள்ளூர்க்காரர்களே கிராமங்களுக்குப் போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். விளைச்சல், மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு என்று பதில் வந்தது. வேலை அதிலிருந்து ஆரம்பித்தது. பிறகு கிராமத்தார் தாங்களாகவே நிலம் ஒதுக்கிக் காடாக விட்டார்கள். வெட்டுப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகளில் உயிர் இருந்தது. அவை துளிர்த்தன.