கேம் திறந்தால் பிராசசர் வேகம் பாதியாகக் குறைகிறது, வெப்பம் 100 டிகிரி காட்டுகிறது. என்ன செய்வது?

குளச்சலில் கடலோர வீடு, ஐ5 10400 பிராசசர், நான்கு வருடமாகத் திறக்காத கேபினட் என்கிறீர்கள். வேகம் 4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2-க்குக் கீழே போகிறது. இந்தச் சிப்பின் அடிப்படை வேகமே 2.9. அதன் வெப்ப உச்சவரம்பு 100 டிகிரி. அதைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. எனவே பிராசசர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

முதலில் பிராசசர் மேல் உட்கார்ந்து அதைக் குளிர்விக்கும் கூலரைப் பாருங்கள். இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று கழன்றிருந்தாலே போதும், வெப்பம் இப்படித்தான் எகிறும். பெரும்பாலும் இதுதான் காரணம். அப்புறம் தூசி. உப்புக் காற்றின் ஈரத்தில் தூசி கூலரின் உலோகத் தகடுகளுக்கு (ஃபின்) நடுவே அப்பிக்கொள்ளும், ஊதினால் மட்டும் போகாது. கூலரைக் கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும்; அதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பிராசசர் மேல் பட்டாணி அளவு புதியது வையுங்கள். பின்களை எதிரெதிர் மூலையாக, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். நான்கும் மதர்போர்டின் பின்பக்கம் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கரண்ட் கொடுங்கள்.

பிறகு வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) மென்பொருளில் கவனியுங்கள். வெப்பம் 70 டிகிரியைச் சுற்றி இருந்தும் வேகம் ஏறவில்லையா? விண்டோஸ் பவர் செட்டிங்கில் பிராசசரின் அதிகபட்ச நிலை 100 சதவீதமாக இருக்கிறதா பாருங்கள். 99 என்றிருந்தாலே டர்போ, அதாவது அடிப்படைக்கு மேலான வேகம், வராது. அதுவும் சரி என்றால் பிராசசருக்கு மின்சாரம் தரும் மதர்போர்டின் மின்சுற்று சூடாகிக்கொண்டிருக்கலாம். கேபினட் ஃபேன் ஒன்று சேர்த்துப் பாருங்கள்.