விவாகரத்துக்குப் பிறகும் கணவரின் ஆபீஸ் இன்சூரன்ஸ் செல்லுமா?

கேள்வி: எனக்கு வயது 38. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 18,000 ரூபாய். கணவர் பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கிறார். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து மனு போட்டிருக்கிறோம், அடுத்த மாதம் கடைசி வாய்தா. பத்து வயது மகள் என்னோடு இருப்பாள். எனக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை, தைராய்டு. வைத்தியம் எல்லாம் அவருடைய ஆபீஸ் இன்சூரன்ஸில்தான். ஜீவனாம்சம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "இன்சூரன்ஸில் உன் பெயரை எடுக்க மாட்டேன், கவலைப்படாதே" என்கிறார். இதை நம்பலாமா?
— வாசகி, திருப்பூர்

பதில்: அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அது அவர் கையில் இல்லை. ஆபீஸ் குரூப் பாலிசியில் நீங்கள் இருப்பது 'மனைவி' என்ற தகுதியில். தீர்ப்பு வந்த அன்றே அந்தத் தகுதி போய்விடும். அதற்குப் பிறகும் பெயரை எடுக்காமல் வைத்திருந்தால், அவர் ஆபீஸில் பொய்த் தகவல் கொடுத்தவர் ஆவார். நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது விஷயம் தெரிந்தால் கிளெய்மை நிராகரித்துவிடுவார்கள். அதனால் இந்த வாக்குறுதியை மனுவிலேயே எழுதி வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது பாலிசியில் இடம் அல்ல, பிரீமியத்துக்கான பணம்.

முன்னாள் மனைவிக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடு என்று இந்து திருமணச் சட்டத்தில் தனியாக ஒரு பிரிவு கிடையாது. இருப்பது 25-வது பிரிவு, அதாவது நிரந்தர ஜீவனாம்சம். உங்கள் வருமானம், அவர் வருமானம், மற்ற சூழ்நிலைகள் எல்லாவற்றையும் பார்த்து நீதிமன்றம் தொகை சொல்லலாம். உடல்நிலையும் அந்தக் கணக்கில் வரும். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. ஜீவனாம்சம் கேட்டால் உங்கள் மருந்துச் செலவையும் பிரீமியத்தையும் அதில் தயங்காமல் எழுதலாம்.

நீங்களோ ஜீவனாம்சம் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். ரோஷம் புரிகிறது. ஆனால் இந்த மாதிரி மனுக்களில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: "கடந்த கால, நிகழ்கால, எதிர்கால ஜீவனாம்சம் எதையும் இரண்டாம் மனுதாரர் கோர மாட்டார்." இரண்டாம் மனுதாரர் என்றால் இங்கே மனைவி, அதாவது நீங்கள்; முதல் மனுதாரர் கணவர். உங்கள் மனுவை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தீர்ப்புக்குப் பிறகும் 25-வது பிரிவில் மனு போட வழி உண்டு என்றாலும், இந்த வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய் நின்றால் எதிர்த்தரப்பு முதலில் காட்டுவது அதைத்தான். தீர்ப்பு ஆகும்வரை சம்மதம் உங்கள் கையில் இருக்கிறது. நிபந்தனையைத் திருத்தித் தாக்கல் செய்யலாம். அந்த வரியை எடுத்துவிட்டு இப்படி ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்:

"இரண்டாம் மனுதாரரின் மருத்துவக் காப்பீட்டுக்கு அந்தந்த ஆண்டு காப்பீட்டு நிறுவனம் கேட்கும் பிரீமியத் தொகையை, புதுப்பிக்கும் தேதிக்கு 30 நாள் முன்பாக முதல் மனுதாரர் அவரது வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும்."

தொகையை இவ்வளவு என்று எழுதிவிடாதீர்கள். வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். பணம் உங்கள் கணக்குக்கு வரட்டும், பாலிசி உங்கள் பெயரில் இருக்கட்டும், நீங்களே கட்டுங்கள். அவரே நேராகக் கட்டினால் ஒரு வருடம் மறந்தாலும் பாலிசி போய்விடும். இந்த நிபந்தனை தீர்ப்பாணையின் பகுதியாகப் பதிவாக வேண்டும். அப்போதுதான் அவர் தராவிட்டால், தீர்ப்பாணையை நடைமுறைப்படுத்தச் சொல்லி அதே நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போட முடியும். நோட்டரி பத்திரம், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் வைத்துக்கொண்டு தனி வழக்குதான் போட வேண்டியிருக்கும். இன்னொன்று, நீங்கள் மறுமணம் செய்தால் இதை நிறுத்தக் கோரி அவர் நீதிமன்றம் போகலாம். வெளிநாடு போகும் யோசனை அவருக்கு இருந்தால், வருடா வருடம் வாங்குவதைவிட ஒரே தொகையாக வாங்கிவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் பாலிசி. சர்க்கரை இருக்கும் நிலையில் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் (அந்த நோய்க்குக் கிளெய்ம் கிடைக்காத காலம்) வைக்கலாம். குரூப் பாலிசியிலிருந்து வெளியேறும் உறுப்பினர் அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதிகளில் இடம் உண்டு. அப்படி மாறினால் இத்தனை வருடம் இருந்தது காத்திருப்பில் கழியும். ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது காப்பீட்டு நிறுவனம் என்பதால், பெயர் இன்னும் பாலிசியில் இருக்கும்போதே, அதாவது தீர்ப்புக்கு முன்பே, விண்ணப்பியுங்கள். சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல்.

நீங்கள் கேட்காத ஒன்று. 18,000 சம்பளம் என்கிறீர்களே, சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா? 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் அதில் வருவார்கள், உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான். பழைய நோய் என்று அங்கே ஒதுக்க மாட்டார்கள், மகளையும் சேர்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று நிறுவனத்தில் கேளுங்கள். கணவர் இருக்கும்போது யாரும் அந்தக் கார்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

மகள் விஷயம் வேறு. விவாகரத்து உங்கள் இருவருக்கும்தான், அவள் என்றும் அவருக்கு மகள். ஆபீஸ் பாலிசியில் தாராளமாகத் தொடரலாம். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், ஜீவனாம்சம் என்பதிலேயே வைத்தியத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது. உங்களுக்கு எதுவும் வேண்டாம் என்று நீங்கள் சொன்னது அவளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நடைமுறையில் ஒரு சிக்கல் வரும். கேஷ்லெஸ் கிடைக்காமல் நீங்கள் கையிலிருந்து கட்டினால், திரும்பி வரும் பணம் ஊழியரான அவர் கணக்குக்குத்தான் போகும். வந்த ஏழு நாளுக்குள் உங்களுக்கு அனுப்ப வேண்டும், பாலிசி தராத செலவை இருவரும் எந்த விகிதத்தில் ஏற்பது, அவர் வேலையை விட்டால் ஒரு மாதத்துக்குள் மகளுக்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும் என்பதையும் அதே நிபந்தனைகளில் சேருங்கள். மகளின் இ-கார்டையும் அவருடைய ஊழியர் எண்ணையும் இப்போதே வாங்கி உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள்; அட்மிஷன் கவுன்டரில் முதலில் கேட்பது அதைத்தான்.