லோடு என்றால் எத்தனை லிட்டர்?

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் தண்ணீர் லாரி பதிவு செய்வதற்காக ஒரு ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் வேலை கேட்கும் வழி) நடத்துகிறோம். இதுவரை அதைப் பயன்படுத்திய புரோகிராமர்கள் யாரும் குறை சொன்னதில்லை. சில சங்கங்கள் ஏஐ ஏஜென்ட் (சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்) மூலம் பதிவு செய்யத் தொடங்கியதிலிருந்து ஒரே குழப்பம். அளவு தவறுகிறது, வீடு தவறுகிறது, ஒரே காலையில் இரண்டு லாரிகள் வந்து நிற்கின்றன. ஏபிஐயின் கையேடான ஓப்பன்ஏபிஐ கோப்பில், அதனிடம் கேட்கக்கூடிய வேலைகள், அதாவது நாற்பது அழைப்புகளும் விடாமல் இருக்கின்றன. கோப்பை இணைத்திருக்கிறேன். எங்கே தவறு?
– வாசகர், பெருங்குடி

பதில்: கோப்பைப் படித்தேன். லாரி பதிவு செய்யும் அழைப்பில் 'குவான்டிட்டி' என்று ஒரு புலம், அதாவது நிரப்ப வேண்டிய இடம். அதற்கு நீங்கள் எழுதியிருக்கும் விளக்கம்: 'ஆர்டரின் அளவு'. பெயரையே இன்னொரு முறை சொல்லிவிட்டு விளக்கம் என்கிறீர்கள்.

சென்னையில் தண்ணீரை யார் லிட்டரில் கேட்கிறார்கள்? லோடு கணக்குதான். அந்த லோடு, வருகிற லாரியைப் பொறுத்து 6,000 லிட்டராக இருக்கும், 9,000 ஆக இருக்கும், 12,000 ஆகவும் இருக்கும். சங்கச் செயலாளர் "நாளைக்கு இரண்டு லோடு" என்று சொன்னால் ஏஜென்ட் உங்கள் புலத்தில் 2 என்று எழுதுவதா, 24000 என்று எழுதுவதா? கோப்பை எத்தனை முறை புரட்டினாலும் எனக்கே விடை கிடைக்கவில்லை.

புரோகிராமர்கள் ஏன் குறை சொல்லவில்லை தெரியுமா? அவர்கள் உங்களுக்கு போன் செய்து கேட்டுக்கொண்டார்கள். இதில் எனக்கு சொந்த அனுபவம் உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பம்ப் தொழிற்சாலைக்குக் கையேடு எழுதினேன். 'வால்வைத் திறந்துவிட்டு மோட்டாரை இயக்கவும்' என்று ஒரு வரி. சென்ட்ரிஃபியூகல் பம்பில் சக்‌ஷன் பக்கம் ஒரு வால்வு, டெலிவரி பக்கம் ஒரு வால்வு. இயக்கும்போது முதலாவது திறந்திருக்க வேண்டும், இரண்டாவது மூடியிருக்க வேண்டும். எந்த வால்வு என்று கேட்டு வந்த போன்களுக்கெல்லாம் ஸ்டோர் கீப்பர் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகள் நான் என் கையேடு தெளிவானது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஏஜென்ட் போன் செய்யாது. கோப்பில் இல்லாததைப் பொருத்தமாகத் தோன்றும் ஒன்றால் நிரப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். ஆகவே போனில் நீங்கள் சொன்னதையெல்லாம் எழுத்தில் கொண்டுவாருங்கள். புலத்தின் பெயரையே 'லிட்டர்' என்று மாற்றுங்கள். விளக்கத்தில் இப்படி எழுதுங்கள்: 'ஒரு லாரியின் கொள்ளளவு, லிட்டரில். 6000, 9000, 12000 ஆகிய மூன்றில் ஒன்று மட்டும். எத்தனை லாரி என்பது வேறு புலம். வாடிக்கையாளர் லோடு என்று மட்டும் சொன்னால் எந்த லாரி என்று அவரிடம் கேட்கவும், ஊகிக்க வேண்டாம்.' அனுமதிக்கப்பட்ட மூன்று எண்களையும் ஸ்கீமாவிலும் (எந்தப் புலத்தில் எது வரலாம் என்று கோப்பில் வரையறுக்கும் பகுதி) பட்டியலிடுங்கள். எப்போது ஊகிக்கக்கூடாது என்று சொல்லும் அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அநேகமாக யாரும் எழுதுவதில்லை.

வீடு தவறுவதற்கு நம் ஊர்க் கதவுகளே காரணம். புதிய எண் 14, பழைய எண் 37 என்று இரண்டையும் பலகையில் எழுதிவைக்கும் ஊரில் 'கதவு எண்' என்று ஒரே புலம் வைத்திருக்கிறீர்கள். லாரி ஓட்டுநர் தெருமுனை டீக்கடையில் விசாரித்துக்கொள்வார். ஏஜென்ட் தனக்குக் கிடைத்த முதல் எண்ணைப் போட்டுவிடும். இரண்டு புலங்களாகப் பிரித்துவிடுங்கள். தேதியிலும் இதே கதைதான். 03/04/2026 நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கர்களுக்கு மார்ச் 4. ஆண்டு முதலில் வரும்படி 2026-04-03 என்று கேளுங்கள். நேரத்துடன், அது இந்திய நேரம் என்று காட்டும் +05:30 என்பதும் வேண்டும்.

இரண்டு லாரி வந்த விவகாரம் கையேட்டால் மட்டும் தீராது. உங்கள் சர்வர் பதில் சொல்லத் தாமதமாகிறது. முதல் கோரிக்கை போய்ச் சேரவில்லை என்று எண்ணி ஏஜென்ட் மறுபடி அனுப்புகிறது. முதல் லாரி சம்ப்பை நிரப்பிவிட்டுப் போன பிறகு இரண்டாவது வந்து ஹாரன் அடிக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் ஏஜென்ட் ஒரு தனி எண் அனுப்ப வேண்டும், அதே எண் மறுபடி வந்தால் சர்வர் பழைய பதிவையே திருப்பித் தர வேண்டும். முதலில் இதைக் கட்டுங்கள். கட்டிய பிறகு 'பதில் வராவிட்டால் அதே எண்ணுடன் மீண்டும் அனுப்பலாம்' என்று கையேட்டில் சேருங்கள்.

பிழைச் செய்தியும் கையேடுதான். யாராவது 10000 என்று அனுப்பினால் உங்கள் ஏபிஐ '400, தவறான கோரிக்கை' என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. 'லிட்டர் 6000, 9000, 12000 இல் ஒன்றாக இருக்க வேண்டும். வந்தது 10000' என்று சொன்னால் ஏஜென்ட் அதைப் படித்துத் தானே திருத்திக்கொள்ளும்.

நாற்பது அழைப்புகளையும் ஏஜென்டிடம் கொடுக்காதீர்கள். ஏஜென்டை வெளிக் கருவிகளுடன் இணைப்பதற்காக 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் முறையில் ஒவ்வொரு கருவியின் (இங்கே உங்கள் ஒவ்வொரு அழைப்பின்) பெயரும் விளக்கமும் உள்ளீட்டு அமைப்பும் ஏஜென்டின் மூளையான மாடலிடம் போகின்றன. அவற்றைப் பார்த்துத்தான் எதை எடுப்பது என்று அது முடிவு செய்கிறது. உங்கள் கோப்பிலோ 'பதிவு', 'புதிய பதிவு', 'பதிவு 2' என்று மூன்று. எது எதற்கு என்று ஒரு வரி கிடையாது. விலை பார்க்க, பதிவு செய்ய, நிலை அறிய, ரத்து செய்ய என நான்கு போதும். ரத்துக்கு மட்டும், செய்வதற்கு முன் மனிதரிடம் ஒப்புதல் வாங்கச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, வேறு எந்த உதவியும் இல்லாமல் கையேட்டை மட்டும் ஒரு ஏஜென்டிடம் கொடுத்து, 'நாளைக் காலை ஆறு மணிக்குள் இரண்டு லோடு வேண்டும்' என்று சோதனைச் சர்வரில் சொல்லிப்பாருங்கள். எந்த லாரி என்று அது கேட்காமல் பதிவு செய்துவிட்டால் விளக்கத்தைத் திருத்தி எழுதிவிட்டு மறுபடி சோதியுங்கள்.

கேள்வி: கருவியின் கையேட்டைத் தமிழிலேயே எழுதினால் ஏஜென்டுக்குப் புரியுமா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: இன்றைய பெரிய மாடல்களுக்குப் புரியும். ஆனால் பெரும்பாலான மாடல்களில் ஒரே செய்திக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் அதிக டோக்கன்களை (மாடல் எழுத்தைப் பிரித்துப் படிக்கும் துண்டுகள்) எடுத்துக்கொள்ளும். நீளமான கையேடாக இருந்தால் செலவு தெரியும். எந்த மொழியில் எழுதினாலும் ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். வாடிக்கையாளர் ஒருவர் திருவல்லிக்கேணி என்பார், இன்னொருவர் ட்ரிப்ளிகேன் என்பார். உங்கள் தரவுத்தளம் இரண்டில் ஒன்றை மட்டும் அறிந்திருந்தால் ஏஜென்ட் 'இந்தப் பகுதிக்குச் சேவை இல்லை' என்று பணிவாகச் சொல்லி அனுப்பிவிடும். இரண்டு பெயர்களையும் எடுத்துக்காட்டில் போட்டு, பின்கோடு 600005 என்பதையும் கட்டாயமாகக் கேட்டு வாங்குங்கள்.