லினக்ஸில் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி செய்யும்போது வேகம் ஏன் திடீரென்று விழுகிறது?

காப்பி தொடங்கியதும் நொடிக்கு 400 எம்பி என்று காட்டும். கொஞ்ச நேரத்தில் 30-க்கு இறங்கி, 99 சதவீதத்தில் அப்படியே நின்றுவிடும். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் இது டிஸ்க்கின் கோளாறு அல்ல.

லினக்ஸ் பொதுவாகத் தரவை நேராக டிஸ்க்கில் எழுதாது. முதலில் ராமில், அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தில், வாங்கி வைத்துக்கொண்டு, அப்புறம்தான் டிஸ்க்குக்கு அனுப்பும். அந்தத் தற்காலிக இடம்தான் பேஜ் கேச். புனலில் தண்ணீர் ஊற்றுவது போல: வாய் அகலம் என்பதால் ஆரம்பத்தில் மளமளவென்று வாங்கிக்கொள்ளும், நிரம்பிவிட்டால் அடியில் இறங்கும் அளவுக்குத்தான் மேலே ஊற்ற முடியும். ஆக, நீங்கள் முதலில் பார்த்தது ராமின் வேகம்.

சரி, டிஸ்க்கின் வேகமே 30, 40-ஐத் தாண்டவில்லையா? போர்ட்டைப் பாருங்கள். டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை ஹைஃபன் டி சேர்த்துக் (lsusb -t) கொடுத்தால், டிஸ்க்குக்கான வரியின் கடைசியில் 480எம், 5000எம் போல ஒரு எண் வரும். இது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு, எம்பி அல்ல. 480 என்றால் அது யுஎஸ்பி 2.0 வேகத்தில் ஓடுகிறது. கேபிளையோ போர்ட்டையோ மாற்றிப் பாருங்கள், பல நேரம் அதிலேயே தீர்ந்துவிடும். ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள் என்றாலும் வேகம் குறையும். அவற்றை டார் (tar) என்ற ஒரே தொகுப்பு ஃபைலாகக் கட்டி அனுப்பலாம்.

காப்பி முடிந்தது என்று திரையில் வந்தவுடன் டிஸ்க்கைக் கழற்றிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள்; ராமில் இன்னும் எழுதாத தரவு மிச்சம் இருக்கலாம், அந்த மிச்சத்தை டிஸ்க்கில் எழுதச் சொல்லும் சிங்க் (sync) கட்டளை கொடுத்து, அது முடிந்ததும் அன்மவுண்ட் செய்துவிட்டே, அதாவது கணினியில் டிஸ்க்கின் இணைப்பை விடுவித்துவிட்டே, கழற்றுங்கள்.