ஐந்து பேர் தோட்டம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

செடிகொடிகள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். இன்று ஒரு மனவருத்தத்தோடு எழுதுகிறேன். எங்கள் பகுதியில் பழைய கட்டடம் ஒன்றை இடித்த காலி மனை பல வருடமாகக் குப்பை கொட்டும் இடமாகவே கிடந்தது. அதை எல்லோருக்குமான தோட்டமாக ஆக்கலாமா என்று ஆறு மாதம் முன்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். முதல் ஞாயிறு 31 பேர் வந்தார்கள். குழந்தைகள்கூடக் கல் பொறுக்கினார்கள். மனை உரிமையாளரிடம் போனில் பேசினோம், 'சரி, செய்துகொள்ளுங்கள்' என்றார். நான்கடி அகலம், பத்தடி நீளத்தில் 12 பாத்திகள் போட்டுக் கீரை, தக்காளி, வெண்டை, கத்தரி எல்லாம் வைத்தோம்.

இப்போது வருவது ஐந்து பேர். பாதிப் பாத்திகளில் களைதான் நிற்கிறது. பழுக்கிற தக்காளியை யாரோ இரவில் பறித்துக்கொண்டு போகிறார்கள். வேலி போட்டுப் பூட்டலாம் என்கிறார் ஒருவர், வராதவர்களைக் குழுவிலிருந்து நீக்கலாம் என்கிறார் இன்னொருவர். எனக்கு ஞாயிறு வந்தாலே பயமாக இருக்கிறது. இத்தனை பேர் கூடி ஆரம்பித்ததை நான்தான் பாழாக்கிவிட்டேனோ என்று தோன்றுகிறது. விட்டுவிடலாமா?

உங்கள் வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள வாசகிக்கு,

விட வேண்டாம். ஆனால் பாத்திகளைக் குறையுங்கள், இந்த வாரமே.

நீங்கள் எதையும் பாழாக்கவில்லை. அந்த 31 பேர் மனையைச் சுத்தம் செய்ய வந்தார்கள், அந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். குப்பை அள்ளுவதும் கல் பொறுக்குவதும் ஒரே நாளில் முடிகிற வேலை, முடிந்ததும் கண்ணுக்குத் தெரிகிற வேலை, அதற்குக் கூட்டம் வரும், வந்தவர்கள் மனசார உழைப்பார்கள். அப்புறம் வருவது வேறு மாதிரி வேலை. புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து களைத்து வந்து, கூட யாரும் இல்லாமல், குழாயடிக்கும் பாத்திக்கும் பூவாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வேலை. இதற்கு 31 பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்ததுதான் உங்களை இவ்வளவு வருத்துகிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். காய்கறிச் செடிகளுக்கு வாரத்துக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் மழைக்குச் சமமான தண்ணீர் வேண்டும், அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர், வெயில் காலத்தில் இன்னும் கூடும். உங்கள் 12 பாத்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 சதுர மீட்டர். மழை இல்லாத வாரத்தில் 1,100 லிட்டர் ஊற்ற வேண்டும். பத்து லிட்டர் பூவாளி என்றால் 110 நடை. ஐந்து பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 22 நடை, அதுவும் ஒருவரும் ஊருக்குப் போகாமல், ஒருவருக்கும் காய்ச்சல் வராமல் இருந்தால். இதற்கு மேல் களை, நாற்று, பூச்சி, எரு. ஐந்து பேர் இதில் திணறுவது இயல்பு. முதல் நாள் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தோட்டத்தை 31 பேர் அளவுக்கு வெட்டிவிட்டீர்கள், அவ்வளவுதான் நடந்தது.

ஆகவே ஐந்து பாத்தி போதும். குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிற, ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழுகிற ஐந்தை வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஏழு பாத்திகளை வெறுமனே விட்டால் ஒரே பருவத்தில் களை விதை உதிர்த்து மற்ற பாத்திகளுக்கும் பரவும், அதனால் மூடிவிடுங்கள். களை பூப்பதற்கு முன் அடியோடு அறுத்து அங்கேயே போடுங்கள், அதன்மேல் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து (ஒட்டிய டேப்பையும் பின்னையும் எடுத்துவிட்டு) ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு ஏறும்படி பரப்பி, நன்றாக நனைத்து, அரையடி உயரத்துக்குக் காய்ந்த இலைச் சருகு போடுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து அட்டையின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். கொத்து இறங்காமல் கிடந்த மண் கருத்து, ஈரமாக, விரலை விட்டால் உள்ளே போகிற மாதிரி இருக்கும். அட்டையின் அடியில் வெள்ளை நூல் மாதிரி பூஞ்சை ஓடியிருக்கும், மண்புழு நெளியும். ஆள் கிடைக்கும்போது ஒவ்வொரு பாத்தியாகத் திறந்துகொள்ளலாம். நட்டு வைத்துவிட்டுக் காயவிட்ட பாத்தியைத் தினம் பார்ப்பதைப் போல மனசை உடைப்பது வேறில்லை, மூடி வைத்த பாத்தி அப்படி உறுத்தாது. ஐந்து பாத்திகளிலும் செடியைச் சுற்றி இதே சருகு மூடாக்கைப் போடுங்கள், ஈரம் நிற்கும், பூவாளி நடையும் குறையும்.

நான் இருந்த தோட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்களுக்கும் ஆரம்பத்தில் நல்ல கூட்டம். குழாய்க்குப் பூட்டு போட்டிருந்தோம், ஒரே சாவி, அது எங்களில் ஒருவர் வீட்டில் இருக்கும். ஒரு கோடையில் அவர் அவசரமாக வெளியூர் போக வேண்டி வந்தது, சாவி அவர் பையோடு போய்விட்டது. நான்கு நாள். ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருந்தோம். ஐந்தாம் நாள் நான் போனபோது தக்காளிச் செடிகள் தண்டோடு மடங்கி மண்ணில் படுத்திருந்தன, பிஞ்சுகள் சுருங்கிப் பச்சையாகவே உதிர்ந்து கிடந்தன. இரண்டு மாத வேலை. யார் மேலும் கோபப்பட முடியவில்லை, அழுகைதான் வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு காரியம் செய்தோம். சாவிக்கு நகல் எடுத்து மூன்று வீட்டில் கொடுத்தோம். ஏழு கிழமைகளையும் ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டினோம், ஒவ்வொரு கிழமைக்கும் எதிரே ஒரு பெயர், அவர் வர முடியாவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று இன்னொரு பெயர். செவ்வாய்க்கிழமைக்கு ஆள் கிடைக்காமல் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருந்தோம். தினமும் பேரனைக் கூட்டிக்கொண்டு அந்த வழியாக நடக்கிற ஒரு பாட்டி, எங்கள் குழுவில் இல்லாதவர், எந்த ஞாயிறும் வராதவர், பலகையைப் படித்துவிட்டு, 'செவ்வாய்க்கு நான் ஊத்துறேன்' என்றார். முதல் நாளே நாங்கள் செய்துகொண்டிருந்த தப்பைக் காட்டினார். இலைமேல் தெளிக்காதீர்கள், அடியில் ஊற்றுங்கள், தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும், விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், இரண்டாவது கணுவரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள், ஊற்றும்போது நிறைய ஊற்றுங்கள். அந்தத் தோட்டத்தில் நான் கற்றதில் பாதி அவரிடமிருந்துதான்.

இதனால்தான் வராதவர்களை நீக்க வேண்டாம் என்கிறேன். மண்வெட்டி பிடிக்க முடியாதவர் விதைக் கணக்கு எழுதலாம், ஞாயிறு வர முடியாதவர் வியாழக்கிழமை அரை மணி நேரம் தரலாம். 'எல்லோரும் வாருங்கள்' என்ற செய்திக்கு யாரும் அசைய மாட்டார்கள். 'வியாழன் மாலை ஆறு மணிக்கு இரண்டு பாத்திக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவர் வேண்டும்' என்று எழுதிப் பாருங்கள்.

அடுத்து தக்காளி. வேலி போட்டுப் பூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கிலாந்தின் வடபகுதியில் டாட்மார்டன் என்ற சிறு நகரத்தில் 2008இல் அங்கே வசிப்பவர்கள் சிலர், யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளட்டும் என்றே காவல் நிலையத்தின் முன்னாலும் ரயில் நிலையத்திலும் காய்கறியும் மூலிகையும் நட ஆரம்பித்தார்கள், அது பெரிதாக வளர்ந்து மற்ற ஊர்களுக்கும் பரவியது. நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. தெருவை ஒட்டிய பாத்தியில் கீரையும் மூலிகையும் போட்டு, 'இது எல்லோருக்கும், மேலாகக் கிள்ளிக்கொள்ளுங்கள், வேரோடு பிடுங்க வேண்டாம்' என்று எழுதி வையுங்கள். தக்காளியை உள்பக்கம் வைத்து, நிறம் மாறத் தொடங்கியதுமே பறித்துவிடுங்கள், வீட்டுக்குள்ளும் பழுக்கும். அப்படியும் சில போகும், போகட்டும்.

எனக்குப் பெரிய கவலை, நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன அந்த போன் அனுமதிதான். தயவுசெய்து அதை எழுத்தில் வாங்குங்கள். நியூயார்க்கில் 1973இல் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்ணும் நண்பர்களும் குப்பை மேடாகக் கிடந்த ஒரு மனையைத் தோட்டமாக்கினார்கள். உழைத்தது மட்டுமல்லாமல் நகர நிர்வாகத்திடம் போய் நின்று, அடுத்த வருடமே மாதம் 1 டாலர் வாடகைக்கு அதை முறையாகப் பெற்றார்கள். அந்தத் தோட்டம் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. அதே நகரத்தில் 1999இல் நூற்றுக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்களின் நிலத்தை நிர்வாகம் ஏலம் விடப் போனது, இரண்டு அறக்கட்டளைகள் கடைசி நேரத்தில் விலைக்கு வாங்கிக் காப்பாற்றின. லாஸ் ஏஞ்சல்ஸில் காப்பாற்ற முடியவில்லை. அங்கே 14 ஏக்கரில் சுமார் 350 குடும்பங்கள் பயிரிட்டுக்கொண்டிருந்த தோட்டத்திலிருந்து 2006இல் எல்லோரையும் வெளியேற்றி, புல்டோசர் விட்டார்கள். பத்து வருடத்துக்கு மேல் வளர்த்த மரங்கள். உங்கள் உரிமையாளர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் நாளை மனை கைமாறினால் புதியவருக்கு உங்கள் போன் பேச்சு தெரியாது. எத்தனை வருடம், காலி செய்யச் சொன்னால் எத்தனை மாத அவகாசம், தண்ணீர்க் கட்டணம் யாருடையது, இந்த மூன்றும் ஒரு தாளில் இருந்தால் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அது கட்டடம் இடித்த மனை. பழைய பெயின்ட்டில் ஈயம் (lead) என்ற நச்சு உலோகம் இருந்திருக்கலாம், சுவரோடு உதிர்ந்து மண்ணில் கலந்திருந்தால் அது எத்தனை வருடமானாலும் போகாது. மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது சத்துகளை மட்டும் பார்க்கச் சொல்லாதீர்கள், ஈயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நாலைந்து இடத்தில் மேல் அரையடி மண்ணை எடுத்துக் கலந்து கொடுங்கள், சுவர் இருந்த ஓரத்து மண்ணைத் தனியாகக் கொடுங்கள். கீரையிலும் கிழங்கிலும்தான் ஆபத்து கூடுதல், மண்துகள் ஒட்டிக்கொண்டே வரும், காய்க்கிற செடிகளில் குறைவு. அதைவிடக் குழந்தைகள் மண் கையை வாயில் வைப்பதுதான் பயம். கல் பொறுக்கிய பிள்ளைகளை இனிமேல் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். முடிவு வரும்வரை கீரையைத் தொட்டிகளில், வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண்ணில் போடுங்கள், மேலே சொன்ன தெருவோரப் பாத்தியும் அதுவரை காத்திருக்கட்டும்.

மண்ணைக் கொடுத்ததும் முடிவு வர எத்தனை நாள் ஆகும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். வந்ததும் எனக்கு எழுதுங்கள். ஈயம் கூடுதலாக இருந்தால் உயர்பாத்தி எப்படிக் கட்டலாம், அடியில் என்ன விரிக்கலாம் என்று பார்ப்போம்.

அன்புடன்.