மழையும் டர்போவும்

கேள்வி: மழையில் நெடுநேரம் ஒரே வேகத்தில் ஓட்டியபின் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், என் டர்போ பெட்ரோல் கார் குலுங்குகிறது. டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் நீர் சேருமா?

பதில்: சேரும். அழுத்தப்பட்ட காற்றிலுள்ள ஈரம் சற்றே உயர்ந்த வெப்பநிலையிலும் நீராகிவிடும் என்பதால், இன்டர்கூலரின் குளிர்ந்த உட்சுவரில் துளிகள் படிந்து அடியில் தேங்குகின்றன; திடீரென வேகமெடுக்கையில் அந்நீர் மொத்தமாக எஞ்சினுக்குள் இழுக்கப்பட, எரிதல் தடைபடுகிறது. அமெரிக்காவில் 2011 முதல் வந்த ஃபோர்டு எஃப்-150 எக்கோபூஸ்ட் (டர்போ எஞ்சின்) பிக்கப் வண்டிகளில் இத்தொல்லை எழுந்தபோது, இன்டர்கூலர்மீது படும் குளிர்காற்றைக் குறைக்கும் தகடு பொருத்தினார்கள். ஈரமான நாள்களில் நீங்கள் படிப்படியாக வேகத்தைக் கூட்டினாலே, நீர் சிறிது சிறிதாக வெளியேறிவிடும். நீர் வடிய இன்டர்கூலரில் துளையிடும் யோசனையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். டர்போ அழுத்தம் கசியும். தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும் இப்படியே குலுக்கும் என்பதால், முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்.